பிவில்டருக்கு எந்த ஊரு?

மாப்ளே,

போன வாரம் என் மூத்தவன் ஒரு கைத்தடி வாங்கி வந்தான். இந்த முழங்காலை நம்பி இனிமேல் தெருவில் இறங்கக் கூடாது என்று தேனி டாக்டர் சொல்லிவிட்டார். தடி நல்ல தடிதான். எண்ணெய் போட்டு வழவழவென்று தேய்த்த மரம், அடியில் ரப்பர். கையில் பிடித்து நாலடி நடந்துவிட்டுக் கதவோரம் சாத்தினேன். அங்கே கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது. பீரோவுக்குப் பின்னால் வைத்தேன். மருமகள் தேடி எடுத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். நேற்று காலையில் அது வாசல்படிக்குக் குறுக்கே கிடந்தது. பேரப்பிள்ளைகள் எடுத்து விளையாடிவிட்டுப் போட்டிருக்கிறார்கள். அதைத் தாண்டிப் போகவும் முடியவில்லை, குனிந்து எடுக்கவும் முடியவில்லை. துண்டும் சொம்புமாக அப்படியே நின்றேன்.

நீ போய் மூன்று மாதம் ஆகிறது. உனக்கு நான் சொல்லவேண்டிய ஒரு வார்த்தையின் ஊர் பாக்கி நிற்கிறது. அதை இன்று சொல்லிவிடுகிறேன். ஆனால் இந்த மடலை உனக்குத் தெரியாதவர்களும் படிக்கப்போகிறார்கள். அதனால் நமக்குத் தெரிந்ததையும் கொஞ்சம் விளக்கிச் சொன்னால் பொறுத்துக்கொள். விளக்குவது எனக்குப் பழகிய தொழில்.

அந்த நாளில் சிலமலையிலிருந்து போடி பள்ளிக்கூடத்துக்கு நம் இருவருக்கும் ஒரே சைக்கிள். மிதிப்பவன் நீ, கேரியரில் உட்கார்ந்து வார்த்தை சொல்பவன் நான். நீ கணக்கு வாத்தியார், நான் இங்கிலீஷ் வாத்தியார். அன்றைய பாடத்தில் வரும் புது வார்த்தை ஒன்றை உனக்கு நான் சொல்லவேண்டும். பொருளை மட்டும் சொன்னால் விடமாட்டாய்.

"பொருள் கெடக்கட்டும் மாப்ளே. அவன் எந்த ஊர்க்காரன்? அதச் சொல்லு."

பெண் கொடுக்கப் போகிறவன் மாதிரி விசாரிப்பாய். தசைக்கு மஸில் என்று பெயர், லத்தீன் மொழியில் அதற்குச் சுண்டெலி என்று பொருள், தோலுக்கு அடியில் எலி ஓடுவதுபோல் தெரிவதால் வந்த பெயர் என்று ஒரு நாள் சொன்னேன். மேட்டில் மிதித்துக்கொண்டே, "என் காலப் பாரு, எலி ஓடுதா?" என்று ஒரு காலைத் தூக்கிக் காட்டினாய். இரண்டு பேரும் வாய்க்காலுக்குள் கிடந்தோம். சுருட்டு என்கிற நம் சொல்லைத்தான் வெள்ளைக்காரன் சிரூட் என்று எடுத்துக்கொண்டான் என்றபோது, அன்றைக்கெல்லாம் சொந்தக்காரன் உத்தியோகம் பார்க்கிற மாதிரி பெருமையாக இருந்தாய்.

அந்த வெள்ளிக்கிழமை நான் சொன்ன வார்த்தை பிவில்டர். ஒருவனைத் திகைக்கவைப்பது, குழப்பிவிடுவது என்று பொருள். உதாரணமும் சொன்னேன். முதல் தடவை மதுரைக்குப் போனவன் கோயிலைச் சுற்றிவிட்டு, எந்தக் கோபுர வாசலில் செருப்பை விட்டோம் என்று தெரியாமல் வெயிலில் நிற்பானே, அவனுடைய நிலைமை.

"வெளங்குது. ஊரு?"

"தெரியல மாப்ளே. எங்கிட்ட இருக்கிற அகராதியில ஊரெல்லாம் போட மாட்டான். பள்ளிக்கூடத்துல பெரிய அகராதி இருக்கு. திங்கக்கெழம பாத்துச் சொல்றேன்."

"திங்கக்கெழம சொல்லிரு. அதுக்கு மேல தாங்க மாட்டேன்."

இடையில் சனிக்கிழமை வந்தது.

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை ஏலத்தோட்டம் காட்டக் கூட்டிப்போனோம். லாரியில் போடிமெட்டு வரை, அங்கிருந்து தோட்டத்துக்குள் நடை. புறப்படும்போது தோட்டத்துச் சூப்பர்வைசர் ஒருவர் வந்து சில விஷயங்கள் சொன்னார். அட்டை கடித்தால் பிய்க்காதே, உப்பு வை என்றார். இன்னொன்றும் சொன்னார். மலையில் இரண்டு பாதை பிரிகிற இடத்தில் ஒன்றின் குறுக்கே இலையோடு கொம்பு கிடந்தால், அந்தப் பாதை போகக்கூடாத பாதை. பனி இறங்கும் நாட்களில் தோட்டத்துப் பெண்கள் காலையிலேயே போட்டு வைப்பார்கள். நம் பிள்ளைகள் வருகிறார்கள் என்று அன்றைக்கும் போட்டிருந்தார்கள்.

நீ அதைக் கேட்டாய். நான் கேட்கவில்லை. பத்தடி தள்ளி நின்று பிள்ளைகளுக்கு உதாரணம் சொல்லிக்கொண்டிருந்தேன். "செடி ரெண்டாள் உயரம் வளருது, காய் மட்டும் தரையோரத்துல காய்க்குது. மாடி வீட்டுக்காரன் சமையலக் கீழ வச்ச மாதிரி." பிள்ளைகள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது. இன்னொன்றும் சொன்னேன், இன்னும் சிரித்தார்கள்.

வேகமாக நடக்கிற பாதிப் பிள்ளைகளோடு நான் முன்னால் போனேன். மெதுவாக வருகிறவர்களோடு நீ பின்னால். பாதை பிரிகிற இடத்தில் சரியான வழுக்கல், இரண்டில் இடதுதான் அகலமான பாதை. இடது பக்கப் பாதையின் குறுக்கே ஒரு கொம்பு கிடந்தது. கட்டைவிரலைவிடக் கொஞ்சம் தடிமன், நெஞ்சுவரை உயரம், நடுவில் நார் சுற்றியிருந்தது. பிடித்து நடக்க வாகாக இருக்கிறதே என்றுதான் நினைத்தேன். எடுத்தேன். இலையை எல்லாம் உருவிவிட்டேன். வலது பக்கமிருந்து விறகுப் புகை வாசனை வந்தது. காய் உலர்த்துகிற ஸ்டோர் அந்தப் பக்கம்தான் இருக்கும் என்று கொம்பை ஊன்றிக்கொண்டு வலது பாதையில் பிள்ளைகளை நடத்திப் போனேன். யோசித்துச் செய்ததில்லை. ஆனால் செய்தது.

நாங்கள் ஸ்டோருக்குப் போய்ச் சேர்ந்த கொஞ்ச நேரத்தில் பனி இறங்கியது. நீட்டிய கையில் விரல் தெரியவில்லை. நீங்கள் வரவில்லை. பொட்டலத்தைப் பிரித்துப் பிள்ளைகள் சாப்பிட்டு முடித்தார்கள், அப்போதும் வரவில்லை. காய் எடுக்கிற பெண்களுக்கு மூத்தவளாக ஒரு அம்மா இருந்தாளே, அவள் பார்த்துவர மேலே போனாள். திரும்பி வந்தபோது அவள் முகமே மாறியிருந்தது.

"சாரே, எடது பாதையில நான் நாரு சுத்திப் போட்ட கொம்பக் காணோம். காத்துக்குப் போற கொம்பு இல்ல அது. ஆரு எடுத்தது?"

அது எனக்குப் பின்னால் சுவரில் சாய்ந்திருந்தது.

அவள் என் பதிலுக்கு நிற்கவில்லை. மற்ற பெண்களைக் கூப்பிடத் திரும்பிவிட்டாள். நான் ஸ்டோருக்குப் பின்பக்கம் போனேன். அங்கே அடுப்புக்கு அடுக்கிய விறகு குவியலாக இருந்தது. கொம்பை அதற்குள் சொருகினேன். நீயும் பதினாறு பிள்ளைகளும் பனிக்குள் நின்ற அந்த மூன்று மணி நேரத்தில் நான் செய்த ஒரே காரியம் அதுதான்.

பெண்கள் வரிசையாகக் கைகோத்து, கூவிக்கொண்டே இறங்கினார்கள். நானும் கடைசி ஆளாகப் போனேன். ரொம்ப நேரம் ஒரு சத்தமும் இல்லை. பிறகு கீழே எங்கிருந்தோ ராகம் போட்ட மாதிரி ஒன்று கேட்டது.

"ஆரோ பாட்டுப் பாடுறாக" என்றாள் அந்த அம்மா.

பாட்டு இல்லை. பதினாறாம் வாய்ப்பாடு. ஓர் பதினாறு பதினாறு, ஈர் பதினாறு முப்பத்திரண்டு. நடந்தால் இன்னும் தொலைவோம், நின்றால் தேடுகிறவன் காதில் விழவேண்டும் என்று பிள்ளைகளை ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்து உட்காரச் சொல்லி, தொண்டை வற்ற வாய்ப்பாடு சொல்லவைத்திருந்தாய். பாறைச் சரிவுக்குப் பத்தடி இந்தப் பக்கம். பிள்ளைகளில் பார்வதி மட்டும் அதற்கு முன்பே சறுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்திருந்தாள். நீ வெறும் டவுசரோடு நின்றாய்.

"வாத்தியாரே, வேட்டி எங்க?"

"பார்வதி கையில கட்டியிருக்கு ஆத்தா. அவளுக்குத்தான் இப்ப அது வேணும்."

"கொம்பு கெடந்தா அந்தப் பக்கம் வரக்கூடாதுன்னு சொன்னாகளா இல்லையா?"

"சொன்னாக. கொம்பு கெடக்கல."

"நான் போட்டேன்."

"நீ போட்டிருப்ப ஆத்தா. நான் வந்தப்ப கெடக்கல."

அப்போது நீ என்னைப் பார்த்தாய். முகத்தை அல்ல, கையைப் பார்த்தாய். இலை உருவிய உள்ளங்கையில் பச்சைக் கறை ஒட்டியிருந்தது. நான் கையை மடக்கிக்கொண்டேன். "வெரசா நடங்க, புள்ளைக்கு வலிக்குது" என்று நீ எல்லோரையும் கிளப்பினாய்.

லாரியில் நான் பார்வதியோடு முன்னால் உட்கார்ந்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். நீ பின்னால் பிள்ளைகளோடு வந்தாய். கொம்பு அந்நேரம் அடுப்பில் எரிந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

திங்கட்கிழமை பெரிய அகராதியைப் பார்த்தேன். நீ கேட்ட ஊர் அதில் இருந்தது. படித்துவிட்டு அகராதியை மூடி, ஏணி வைத்து எடுக்கவேண்டிய மேல் தட்டில் வைத்தேன். சாயங்காலம் சைக்கிளில் நீ கேட்டாய். இன்னும் பார்க்கவில்லை என்றேன்.

பள்ளிக்கூட மேனேஜர் உன்னிடம் எழுத்தில் விளக்கம் கேட்டார், அதுவும் இங்கிலீஷில். என்னிடம்தான் வந்தாய். "எழுதிக் குடு மாப்ளே. உன் கைக்குத்தான் அது வளையும்." எழுதினேன். நான் எழுதியதிலேயே நல்ல இங்கிலீஷ் அந்த ஒரு பக்கம்தான். எதிர்பாராத அடர்ந்த பனி எங்களை பிவில்டர் செய்துவிட்டது என்று எழுதினேன். அந்தப் பக்கம் முழுக்கப் பனி இருந்தது. கொம்பு என்ற சொல் ஒரு இடத்திலும் இல்லை.

நீ விரல் வைத்து மெதுவாகப் படித்தாய். விரல் ஒரு இடத்தில் நின்றது.

"இவன் நம்ம வெள்ளிக்கெழமைக்காரன்ல? எந்த ஊருன்னு பாத்தியா?"

"பாக்கணும் மாப்ளே. சோலி ஒழியல."

கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டாய்.

மேனேஜர் அதைப் படித்துவிட்டு, "பனிக்கு நான் மெமோ குடுக்க முடியாதுய்யா" என்றார். பார்வதியின் அப்பா ஆட்களோடு வாசலில் நின்றிருந்தார். யாராவது ஒருவர் போயாகவேண்டும். அந்த வாரமே உன்னைப் போகச் சொல்லிவிட்டார்கள். வேறு பள்ளிக்கூடத்திலும் உன்னைச் சேர்க்கவில்லை. பிள்ளைகளை மலையில் தொலைத்த வாத்தியார் என்ற பேர் உனக்கு முன்னால் போய் நின்றது. அதே மலைக்கு, வேறொரு தோட்டத்து ஸ்டோரில் காய் நிறுத்து எழுதுகிற வேலைக்குப் போனாய். அதற்குப் பிறகு நீ சாக்பீஸ் பிடிக்கவே இல்லை. சைக்கிளை என்னிடம் விட்டுப் போனாய். நான் ஓய்வு பெறும்வரை அந்த வேலையில்தான் இருந்தேன். நல்ல வாத்தியார் என்றார்கள். உதாரணம் சொல்லி விளக்குவார் என்றார்கள்.

மலையிலிருந்து இறங்கும்போதெல்லாம் போடி பஸ் ஸ்டாண்டில் டீ குடிப்போம். வீடு, பிள்ளைகள், மழை எல்லாம் பேசி முடித்து, உன் பஸ்சு கிளம்புகிற நேரத்தில் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு கேட்பாய்.

"மாப்ளே, பிவில்டருக்கு எந்த ஊரு?"

"மறந்தே போச்சு மாப்ளே. அடுத்த தடவ சொல்றேன்."

"சரி, சரி. ஊரு எங்கயும் ஓடிப் போகாது."

இத்தனை வருஷமும் இதையே கேட்டாய், இதையே சொன்னேன். பழைய கேலியைச் சும்மா கேட்கிறாய் என்று சில நாள் நினைப்பேன். தெரிந்துதான் கேட்கிறாய் என்று சில நாள் நினைப்பேன். அன்றைக்கெல்லாம் வீட்டில் எல்லோர் மேலும் எரிந்து விழுவேன்.

உன் பதினாறாம் நாள் காரியத்துக்குப் பார்வதி ராசிங்காபுரத்திலிருந்து வந்திருந்தாள். தலை நரைத்துவிட்டது. மணிக்கட்டு கோணலாகவே கூடிவிட்டிருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் அதைப் பார்த்து என்ன ஆனது என்று கேட்டாள். "சின்னப் புள்ளையில மலைக்குப் போனோம். இந்தப் படத்துல இருக்கிற சார்தான் வழி தப்பிக் கூட்டிட்டுப் போயிட்டாரு. தங்கமான மனுசன், பாவம், வழிதான் தெரியல" என்றாள். கோபமில்லாமல்தான் சொன்னாள். உன் வீட்டில், உன் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து சொன்னாள். நான் இலையில் கை வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. போன மாதம் உன் வீட்டுக்குப் போய், நான் தங்கச்சி என்று கூப்பிடுகிற உன் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முறத்தில் பயறு பார்த்துக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை.

"அது அவுகளுக்குத் தெரியும்ணே. அன்னைக்கே அந்தக் கொம்ப வெறகுக்குள்ள இருந்து உருவி, லாரியில போட்டுக் கொண்டாந்துட்டாக. நாரக்கூட அவுக்கல. நான் அவரைக்கொடிக்கு ஊண்டிவிட்டேன். ரெண்டு வருசம் காய்ச்சது."

"எதுக்குக் கொண்டாந்தான்?"

"அங்கன கெடந்தா ஆரு கண்ணுலயாச்சும் படும்னாக. மேனேஜர்ட்டப் போயிச் சொன்னா என்னன்னு நான் சண்ட போட்டேன். அவன் சொல்லணும், நான் சொன்னா அது கோளுன்னுட்டாக. ஒவ்வொரு தடவ உங்களப் பாத்துட்டு வந்தப்பவும் கேப்பேன், அண்ணன் சொன்னாரான்னு. இல்ல, இன்னும் அகராதியப் பாக்கலையாம்னு சிரிப்பாக."

எனக்கு அழுகை வரவில்லை மாப்ளே. உன்மேல் கோபம்தான் வந்தது. ஒரு தடவை என் சட்டையைப் பிடித்து உலுக்கியிருந்தால் என்ன? கதவைத் திறந்து வைத்துவிட்டுப் பஸ் படியில் நின்று சிரித்தாய். வீடு வந்து சேரும்வரை உன்னைத் திட்டிக்கொண்டே வந்தேன். வந்து சேர்ந்த பிறகுதான், திறந்த கதவை ஒவ்வொரு தடவையும் சாத்தியவன் யார் என்பது உறைத்தது.

மறுவாரம் ராசிங்காபுரம் போய்ப் பார்வதியிடமும் சொன்னேன். முற்றத்தில் நின்றபடியே கேட்டாள். உட்காருங்கள் என்று அவள் சொல்லவில்லை.

"இத இத்தன வருசம் வச்சுக்கிட்டு என்ன சார் செஞ்சீக?"

கோணல் மணிக்கட்டை என் முன்னால் நீட்டினாள்.

"இந்தக் கையப் பாத்துக் கேட்ட ஒவ்வொருத்தருக்கும் அந்த மனுசன் பேரத்தான் சொல்லியிருக்கேன். பொண்ணு பாக்க வந்தவகளுக்கும் சொன்னேன். அம்புட்டுப் பேரையும் தேடிப் போயி மாத்திச் சொல்ல முடியுமா?"

"முடியாது பார்வதி."

"எழுதிக் குடுங்க. நீங்க வாயால சொன்னது எங்கிட்டயே நின்னுரும். தமிழ்லயே எழுதுங்க. இனிமே கேக்குறவகளுக்குப் படிச்சுக் காட்டுறேன்."

நாலு தாள் கிழித்தேன். மதிப்பிற்குரியவர்களுக்கு என்று தொடங்கினால், கை தானாக, அன்று மலையில் பனி அதிகமாக இருந்தது என்று எழுதுகிறது. பழைய கை. உன்னிடம் பேசினால்தான் அது பனிப்பக்கம் போகாமல் இருக்கிறது. அதனால்தான் இது உனக்கு எழுதிய மடலாகிவிட்டது. பார்வதி இப்படியே படித்துக் காட்டட்டும்.

இப்போது ஊர். பிவில்டருக்கு ஊர் காடு, மாப்ளே. ஆங்கிலத்தில் வில்டர் என்று ஒரு பழைய சொல் இருந்தது. ஒருவனை வழி தவறச் செய்வது என்று அதற்குப் பொருள். காட்டைக் குறிக்கிற வில்டர்னஸ் என்ற சொல்லிலிருந்து அது பிறந்திருக்கலாம் என்று அகராதி சொல்கிறது. அந்த வில்டர்னஸ் காட்டு விலங்கு என்ற சொல்லிலிருந்து வந்தது. மனிதன் நடந்த தடம் இல்லாத, விலங்கு மட்டும் திரிகிற இடம். முழுக்க, அடியோடு என்கிற மாதிரி முன்னால் ஒரு பி சேர்ந்தது. தலைக்குள் குழம்புவது பிற்பாடு வந்த பொருள். முதலில் அது கால் சம்பந்தப்பட்ட விஷயம். போகிறவனை அவன் பாதையிலிருந்து பிசகவைத்துத் தடமில்லாத காட்டுக்குள் விட்டுவிடுவது.

மதுரைக் கோபுர வாசலில் செருப்பைத் தேடுகிறவன் இதற்கு நல்ல உதாரணம் இல்லை. அவனை யாரும் ஒன்றும் செய்யவில்லை. சரியான உதாரணம் எனக்கு மறுநாளே கிடைத்துவிட்டது. பனி பாதையை மறைக்கும், கொம்பை எடுக்காது. அன்று இடது பாதையின் குறுக்கே கிடந்த கொம்பை எடுத்தவன் நான். பின்னால் வந்த கணக்கு வாத்தியார் வழி தப்பவில்லை. கொம்பு கிடக்காத பாதையில், தனக்குச் சொல்லப்பட்டபடி வந்தார். பதினாறு பிள்ளைகளையும் உயிரோடு வைத்திருந்தவர் அவர்.

ராசிங்காபுரம் பஸ்சு பத்து மணிக்கு. தபாலில் போட மனமில்லை, நேரில் கொடுக்கவேண்டும். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அந்தத் தடியை ஊன்றித்தான் போகவேண்டும். எடுத்துக்கொண்டேன்.